வரிக்குதிரையைச் சின்னமாக்கினது போதும்

கறுப்பும் வெள்ளையும் ஒரே உடம்பில் எவ்வளவு அழகாகச் சேர்ந்திருக்கின்றன, மனிதர்கள் மட்டும் ஏன் சண்டை பிடிக்கிறார்கள்? இந்தக் கேள்வியை ஏதோ ஒரு வடிவத்தில் நீங்கள் கட்டாயம் வாசித்திருப்பீர்கள். பாடசாலைப் பேச்சுப்போட்டியில், கம்பஸ் கையெழுத்துச் சஞ்சிகையில், பேஸ்புக் கவிதையில் என்று எங்கும் அது இருக்கிறது. மேலே ஒரு வரிக்குதிரைப் படம், கீழே ஒரு நற்சிந்தனை. இன்னொரு நாள் அதே படத்துக்குக் கீழே வேறு வசனம் வரும்: எந்த இரண்டு வரிக்குதிரைக்கும் கோடு ஒரே மாதிரி இருக்காது, ஆகவே நீயும் தனித்துவமானவன். அதற்கடுத்த நாள்: வரிக்குதிரையை யாராலும் பழக்க முடியாது, நீயும் யாருக்கும் அடங்காதே. ஒரே மிருகம் ஒற்றுமைக்கும் சாட்சி, தனித்துவத்துக்கும் சாட்சி, அடங்காமைக்கும் சாட்சி. பாவம், இவ்வளவு வேலைக்கும் அதுக்குச் சம்பளமும் இல்லை.

இதில என்ன பிழை, சும்மா ஒரு உவமைதானே எண்டு கேட்பீர்கள். பிழை இருக்கிறது என்றுதான் நாங்கள் சொல்ல வருகிறோம். இந்த உவமைகளில் பெரும்பாலானவை மிருகத்தைப் பற்றிய பொய்கள். அது முதலாவது பிழை. இரண்டாவதுதான் முக்கியமானது. ஒன்றைச் சின்னமாக்கிக் கும்பிட்டுவிட்டால் அதற்குச் செய்யவேண்டிய கடமை முடிந்துவிட்டது என்று மனிதர்கள் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். வரிக்குதிரையின் வரலாறு இதற்கு மிகத் தெளிவான உதாரணம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். எங்களில் அனேகமானோருக்கு இந்த மிருகம் அறிமுகமானது ஆங்கில அரிச்சுவடியின் கடைசி எழுத்தில். ஏ என்றால் அப்பிள், இசட் என்றால் ஸீப்ரா. அந்த எழுத்துக்கு வேறு சுலபமான மிருகம் அகப்படாததால்தான் ஆபிரிக்காவின் ஒரு புல்வெளி விலங்கு உலகத்துப் பாலர் வகுப்புச் சுவர்களில் எல்லாம் ஏறியது. தமிழில் நாங்கள் அதற்கு வரிக்குதிரை என்று பெயர் வைத்தோம். புலிக்கு இருந்த வரியை எடுத்துக் குதிரைக்குப் போட்டாயிற்று. பழைய கிரேக்க மொழியிலும் இதே வேலைதான் நடந்தது. அங்கே அதன் பெயர் ஹிப்போடிகிரிஸ், அதாவது குதிரைப்புலி. அதை அதுவாகவே பார்க்க ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

உண்மையில் அது குதிரையும் இல்லை. குதிரை, கழுதை, வரிக்குதிரை மூன்றும் ஈக்குவஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆனால் மரபணு ஆய்வுகளின்படி வரிக்குதிரைக்குக் கிட்டிய சொந்தம் குதிரை இல்லை, கழுதை. அதுக்காகப் பெயரை வரிக்கழுதை எண்டு மாற்றச் சொல்லி நாங்கள் போராடப் போறதில்லை. ஆனால் தொடக்கத்திலேயே அப்படிப் பெயர் வைத்திருந்தால் இத்தனை நற்சிந்தனைப் படங்கள் வந்திருக்குமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

அதோடு, வரிக்குதிரை என்று ஒரு மிருகம் இல்லை, மூன்று இனங்கள் இருக்கின்றன: சமவெளி வரிக்குதிரை, மலை வரிக்குதிரை, கிரேவி வரிக்குதிரை. முதல் இரண்டும் குடும்பமாக வாழ்பவை. ஒரு ஆண், சில பெண்கள், குட்டிகள் என்று அந்தக் குடும்பம் வருடக்கணக்கில் கலையாமல் இருக்கும். வட கென்யாவிலும் எதியோப்பியாவிலும் உள்ள கிரேவி வரிக்குதிரை வேறு மாதிரி. ஆண் ஒரு நிலப்பரப்பைப் பிடித்து வைத்திருக்கும், பெண்கள் புல்லையும் தண்ணீரையும் தேடி வந்து போகும், நிரந்தரக் கூட்டம் என்று ஒன்று இல்லை. ஆகவே "வரிக்குதிரைபோல ஒற்றுமையாக வாழ்வோம்" என்று யாராவது எழுதினால், எந்த வரிக்குதிரை என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஒழுங்காகப் பார்த்தவர்களும் வரலாற்றில் இருக்கிறார்கள். 1621 இல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரிடம் அபிசீனியாவிலிருந்து ஒரு வரிக்குதிரை கொண்டுவரப்பட்டது. யாரோ கோடு கீறிவிட்டு ஏமாற்றுகிறார்கள் என்று அரசவையில் சிலர் சந்தேகப்பட்டார்கள். ஜஹாங்கீர் கிட்டப் போய்ச் சோதித்து, அது இயற்கைதான் என்று உறுதிப்படுத்திய பிறகு தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். அவருடைய ஓவியர் மன்சூர் அதை வரைந்தார். அந்த ஓவியம் இன்று இலண்டனில் விக்ரோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலுள்ள வரிக்குதிரை எந்த நீதியையும் போதிக்கவில்லை. முகத்தில் கோடு எப்படி ஓடுகிறது, காலில் எப்படி வளையமாகிறது என்று மட்டும்தான் மன்சூர் பார்த்திருக்கிறார். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஜஹாங்கீர் அதைப் பிறகு பாரசீக மன்னர் ஷா அப்பாஸுக்கு அன்பளிப்பாக அனுப்பிவிட்டார். பார்க்கத் தெரிந்த அரசனுக்கும் அது கடைசியில் ஒரு பரிசுப் பொருள்தான்.

நூற்றிநாற்பது வருடம் கழித்து, 1762 இல், இங்கிலாந்தின் சார்லொட் அரசிக்கு ஒரு வரிக்குதிரை திருமணப் பரிசாகப் போனது. பக்கிங்ஹாம் இல்லத்துக்குப் பக்கத்தில் அதைக் கட்டி வைத்தார்கள், பார்க்கச் சனம் அள்ளுப்பட்டது. அரச குடும்பத்தை நக்கலடிக்க விரும்பியவர்கள் அதற்கு அரசியின் கழுதை என்று பெயர் வைத்து, ஆபாசப் பகிடியும் அரசியல் பகிடியும் எழுதித் தள்ளினார்கள். ஜோர்ஜ் ஸ்ரப்ஸ் என்ற ஓவியர் 1763 இல் அந்த வரிக்குதிரையை வரைந்தார். மிருகத்தை அச்சொட்டாக வரைந்தவர் பின்னணியில் போட்டது ஒரு இங்கிலாந்துக் காடு. மலைப்பாறையில் ஏறி வளர்ந்த உயிரை மரநிழலில் தனியாக நிறுத்தி வைத்திருக்கிறார். எங்களுக்கு அந்த ஓவியம் பிடிக்கும், ஆனால் அதைப் பார்க்கும்போது கோபமும் வரும்.

சரி, கோடுகளுக்கு வருவோம். கறுப்பா வெள்ளையா என்ற கேள்வியோடுதானே எல்லாரும் வருகிறார்கள். வரிக்குதிரையின் தோல் கறுப்பு. வெள்ளைக் கோடு என்பது நிறமி இல்லாமல் வளர்கிற மயிர். ஆக அங்கே இரண்டு இனம் சரிசமமாக ஒப்பந்தம் போட்டு வாழவில்லை. இருப்பது ஒரு தோல், சில இடங்களில் நிறமி நிற்கிறது, அவ்வளவுதான்.

கோடு என்னத்துக்கு? டார்வின் 1871 இல் வெளியான தன் நூலில், திறந்த வெளியில் அந்தக் கோடு ஒளிந்துகொள்ள உதவாது என்று எழுதினார். வொலஸ் அதை மறுத்து, மங்கல் வெளிச்சத்தில் உதவும் என்றார். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேலாக, சிங்கத்துக்குக் கண்ணைக் கட்டும் என்று ஆளாளுக்கு விளக்கம் சொன்னார்கள். 2016 இல் வெளியான ஒரு ஆய்வு, பகலில் 50 மீற்றருக்கு அப்பாலும் மங்கல் நேரத்தில் 30 மீற்றருக்கு அப்பாலும் சிங்கத்தின் கண்ணுக்கு அந்தக் கோடே சரியாகப் பிரிந்து தெரியாது என்று கணக்குக் காட்டியது. 2019 இல் ரிம் காரோவும் சக ஆய்வாளர்களும் இங்கிலாந்தில் ஒரு சுவாரசியமான வேலை செய்தார்கள். சாதாரணக் குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, வரி என்று மூன்று விதமான போர்வை போட்டுப் பார்த்தார்கள். கடிக்கிற ஈக்கள் எல்லாப் போர்வைக்கும் கிட்டப் பறந்து வந்தன. ஆனால் வரிப்போர்வையில் வந்து இறங்கியவை மிகக் குறைவு. போர்வை மூடாத தலையில் மட்டும் மூன்றிலும் ஒரே அளவில் இறங்கின. ஆபிரிக்காவில் இப்படியான ஈக்கள் நோய் காவுபவை, வரிக்குதிரையின் மயிரோ குட்டை. அதனால் இன்றைக்குக் கைவசமுள்ள விளக்கங்களில் வலுவானது ஈ விளக்கம்தான்.

மனித ஒற்றுமைக்கு இலச்சினை என்று தூக்கிப்பிடித்த கோட்டின் வேலை ஈக்கு இறங்கத் தெரியாமல் பண்ணுவது. இது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. எங்களுக்கு இதுதான் அந்த நற்சிந்தனைகளைவிட அதிசயமாகப் படுகிறது. அந்த உடம்பு அதன் சொந்தப் பிரச்சினைக்குக் கண்ட தீர்வு அது. எங்களுக்கு எழுதின கடிதமில்லை.

தனித்துவக் கதையும் இப்படித்தான். ஒவ்வொரு வரிக்குதிரையின் கோடும் வேறு என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையை இப்போது யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? கென்யாவில் 2016 இலிருந்து பொதுமக்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து கிரேவி வரிக்குதிரைகளின் வலப்பக்கத்தைப் படமெடுக்கிறார்கள். கோட்டை வைத்துக் கணினி ஒவ்வொன்றையும் அடையாளம் காணும், எத்தனை மிச்சம் என்று எண்ணுவார்கள். 1970களின் பிற்பகுதியில் 15,000 அளவில் இருந்த அந்த இனம் இன்று 3,000 அளவில் வந்து நிற்கிறது. தோலுக்காக வேட்டையாடினார்கள், பிறகு வறட்சி வந்தது, மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் போட்டி வந்தது. "நீ தனித்துவமானவன்" என்று ரீசேட்டில் அடித்துப் போடுகிறவர்கள் அறியவேண்டியது இதைத்தான். அந்தத் தனித்துவம் இப்ப பிணக்கணக்குக்கு முந்தின கணக்கெடுப்புக்குத்தான் உதவுது.

இலக்கியமும் சினிமாவும் என்ன செய்தன? ருட்யார்ட் கிப்ளிங் 1902 இல் வெளியிட்ட சிறுவர் கதைத்தொகுப்பில் சிறுத்தைக்குப் புள்ளி வந்த கதை இருக்கிறது. அதில் வரிக்குதிரை காட்டு நிழலில் நின்று நின்று கோடு வாங்கிக்கொள்கிறது. அதே கதையில் ஒரு எதியோப்பிய வேட்டைக்காரன், ஒளிந்திருந்து வேட்டையாட வசதியென்று தன் தோலைக் கறுப்பாக மாற்றிக்கொள்கிறான். மிருகத்தின் தோலும் மனிதனின் தோலும் ஒரே பகிடிக்குள் போய் விழுகின்றன. பேரரசின் காலத்துப் பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் நித்திரை கொண்டார்கள். நூறு வருடம் கழித்து 2005 இல் ஹொலிவூட் ஒரே ஆண்டில் இரண்டு வரிக்குதிரைகளைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஒன்று மடகஸ்கார் படத்து மார்ட்டி. நியூயோர்க் மிருகக்காட்சிச்சாலையில் இருந்துகொண்டு, தான் கறுப்பில் வெள்ளையா வெள்ளையில் கறுப்பா என்று யோசிக்கும். மற்றது ரேசிங் ஸ்ரைப்ஸ். அதில் வரிக்குதிரைக்குப் பந்தயக் குதிரையாக வேண்டுமென்று ஆசை, கடைசியில் குதிரைகளை வெல்கிறது. எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் அந்தக் கதை சொல்வது என்ன? நீ குதிரையைப்போல ஓடிக் காட்டினால்தான் உன்னை மதிப்போம் என்பதுதானே. ஆளுக்குரிய மரியாதையைப் பெற வேறொரு ஆளாக மாறிக் காட்டவேண்டும் என்ற பாடத்தை நாங்கள் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம்.

இவற்றுக்குப் பக்கத்தில், தென் ஆபிரிக்கப் பகுதியின் சான் மக்களுடையதாகச் சொல்லப்படும் கதையை வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் வரிக்குதிரை முழு வெள்ளை. வறட்சிக் காலம். இருந்த ஒரே நீர்நிலையைப் பபூன் குரங்கொன்று பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீர் தன்னுடையது, ஒருவரும் குடிக்கக்கூடாது என்கிறது. வரிக்குதிரை சண்டைக்குப் போகிறது. பபூனை உதைத்தெறிந்த வேகத்தில் தானும் பின்னால் தடுமாறி நெருப்பில் விழுகிறது. எரிந்த தழும்புதான் கோடு. உதை வாங்கிப் பாறையில் விழுந்த பபூனுக்குப் பின்பக்கத்தில் மயிர் போனது. பிள்ளைகள் சிரிக்கிற கதைதான். ஆனால் இது அந்த மிருகத்தோடு ஒரே நிலத்தில் வாழ்ந்து, ஒரே வறட்சியைப் பார்த்தவர்களின் கதை. இங்கே கோடு தண்ணீருக்காகப் பட்ட காயம். வரிக்குதிரையின் வாழ்க்கையே தண்ணீரைச் சுற்றித்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள் உவமைக்கே எதிரி இல்லை. இப்படியான உவமையைத் தலையில் வைத்துக் கொண்டாடுவோம்.

அடுத்தது, அடங்காத மிருகம் என்ற பட்டம். 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் வோல்ற்றர் றொத்ஸ்சைல்ட் என்ற பிரபு இலண்டன் தெருவில் வரிக்குதிரை பூட்டிய வண்டி ஓட்டி, இதையும் பழக்கலாம் என்று காட்டினார். ஆபிரிக்காவைப் பங்குபோட்ட ஐரோப்பியருக்கு அங்கே குதிரைகள் நோயில் செத்துக்கொண்டிருந்தன. அந்த நோயைத் தாங்கக்கூடிய வரிக்குதிரையைப் பழக்கினால் காலனிக்கு வசதி. முயன்றார்கள், பெரிதாகச் சரிவரவில்லை. அது கடித்தது, உதைத்தது, கயிறு வருவதைக் கண்டால் தலையைத் தாழ்த்தி விலகியது. அதற்குப் பிறகு ஒரு குற்றச்சாட்டுப் பத்திரம் தயாரானது: கெட்ட குணம், பிடிவாதம், பயனில்லை. இப்போதும் வரிக்குதிரைக்குக் குடும்பமே இல்லை, அதனால்தான் பழக்க முடியாது என்று விளக்குகிற யூடியூப் காணொளிகள் உலாவுகின்றன. சமவெளி வரிக்குதிரையின் குடும்ப வாழ்க்கையை மேலே சொன்னோம். அதே மாதிரிக் குடும்ப அமைப்புத்தான் காட்டுக் குதிரைக்கும் உண்டு.

ஜரட் டயமண்ட் 1997 இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் வரிக்குதிரைக்கு உலக வரலாற்றிலேயே ஒரு பாத்திரம் கிடைத்தது. பழக்கக்கூடிய விலங்குகள் எந்தக் கண்டத்தில் இருந்தன என்பதும் எந்தக் கண்டம் எதை வென்றது என்பதற்கு ஒரு காரணம் என்றார் அவர். நியாயமாகச் சொன்னால், அந்த நூல் இனவாதத்துக்கு எதிராக எழுதப்பட்டது. வெற்றிக்குக் காரணம் தோலோ மூளையோ இல்லை என்பதுதான் அதன் வாதம். ஆனால் அது சுருங்கிச் சுருங்கி எங்களிடம் வந்து சேரும்போது என்னவாகிறது? வரிக்குதிரை முதுகு கொடுக்கவில்லை, அதனால் ஆபிரிக்கா தோற்றது என்றாகிவிடுகிறது. 1884–85 இல் பேர்லினில் மேசையைச் சுற்றி இருந்தவர்கள், ஆபிரிக்கர் ஒருவரையும் கூப்பிடாமல் கண்டத்தைப் பங்குபோட விதிமுறை எழுதினார்களே, அதற்கும் மிருகம்தான் பொறுப்பா? அடிமை வணிகத்துக்கும் அதுதான் பொறுப்பா? மனிதர் செய்ததற்கு ஒரு மிருகத்தின் குணத்தைக் காரணம் காட்டுவது மிகவும் வசதியான வரலாறு.

இனி, உவமைகள் கொல்லுமா என்ற கேள்விக்கு வருவோம். குவாகாவைக் கேளுங்கள். தென்னாபிரிக்காவில் வாழ்ந்த சமவெளி வரிக்குதிரையின் ஒரு வகை அது. தலையிலும் கழுத்திலும் முன்னுடம்பிலும்தான் கோடு, பின்னால் மண்ணிறம். அது கத்துகிற சத்தத்தை வைத்துக் கொய்கொய் மக்கள் வைத்த பெயரே குவாகா ஆனது. டச்சுவழிக் குடியேறிகள் அதை இறைச்சிக்கும் தோலுக்கும் சுட்டார்கள், தங்கள் ஆடுமாடுகளின் புல்லைத் தின்கிறது என்றும் சுட்டார்கள். கடைசிக் குவாகா 1883 ஆகஸ்ட் 12 இல் அம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிச்சாலையில் செத்தது. அதுதான் கடைசி என்று அப்போது ஒருவருக்கும் விளங்கவில்லை. ஏனென்றால் எல்லா வரிக்குதிரையையும் சனம் பொதுவாகக் குவாகா என்றுதான் கூப்பிட்டது. இது போனால் என்ன, அங்க கன குவாகா நிக்குதுதானே என்று இருந்துவிட்டார்கள். வேறுபாடு பார்க்காமல் ஒரு பெயருக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடினால் நடப்பது இதுதான்.

1984 இல் அருங்காட்சியகத்தில் இருந்த குவாகாத் தோலிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அழிந்துபோன உயிரினம் ஒன்றிலிருந்து அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. 1987 இல் தென்னாபிரிக்காவில் ஒரு திட்டம் தொடங்கியது. கோடு குறைந்த வரிக்குதிரைகளைத் தெரிந்தெடுத்துச் சேர்த்து, குவாகாபோலத் தெரிகிற குட்டிகளை உருவாக்குவது அதன் நோக்கம். முயற்சியின் நல்லெண்ணத்தை நாங்கள் சந்தேகிக்கவில்லை. ஆனால் பாருங்கள், அங்கேயும் தோலின் கோலம்தான் மிருகம் என்றாகிவிட்டது.

எங்கள் வாதத்தின் நடுவிடம் பொட்ஸ்வானா. 1966 செப்ரெம்பர் 30 இல் அந்த நாடு சுதந்திரமடைந்தது. பக்கத்தில் தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்தது. பொட்ஸ்வானாவின் முதல் ஜனாதிபதி செரெற்சே காமா 1948 இல் ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளை ஆங்கிலேயப் பெண்ணைத் திருமணம் செய்தவர். அதற்காகவே பிரித்தானியா அவரைச் சொந்த மண்ணிலிருந்து வருடக்கணக்கில் நாடுகடத்தி வைத்திருந்தது. அப்படிப்பட்டவரின் நாடு, இளநீலக் கொடியில் வெள்ளை ஓரத்தோடு ஒரு கறுப்புப் பட்டியை வைத்தது. அரச இலச்சினையில் இரண்டு வரிக்குதிரைகளை நிறுத்தியது. இனங்கள் சேர்ந்து வாழலாம் என்று நிறவெறியின் வாசலில் நின்று சொன்னது. அது வெறும் நற்சிந்தனை இல்லை, துணிச்சல். அதை நாங்கள் ஒரு சொல்லாலும் குறைக்கமாட்டோம்.

ஆனால் இலச்சினைக்கு வயது இரண்டு ஆகும்போது, 1968 இல், அதே நாட்டில் ஒக்கவாங்கோ கழிமுகத்துக்கும் மக்கடிக்கடிப் புல்வெளிக்கும் இடையிலான வரிக்குதிரைப் பாதையைக் கம்பி வேலி மறித்தது. மழைக்காலத்தில் புல்லைத் தேடிப் போய்த் திரும்பிவர 550 கிலோமீற்றருக்கு மேல் வருகிற பாதை அது. வேலி போட்டதற்குக் காரணம் இருந்தது. காட்டு விலங்கிலிருந்து மாடுகளுக்குக் கோமாரி தொற்றக்கூடாது, தொற்றினால் மாட்டிறைச்சி ஏற்றுமதி நின்றுவிடும். ஏழை நாடொன்றுக்கு அது சின்ன விசயமில்லை, மாடு வைத்திருந்தவர்கள் வில்லன்களும் இல்லை. ஆனாலும் கேள்வி இருக்கிறது. வரிக்குதிரை இலச்சினையில் நிற்கிறது, உதைபந்தாட்ட அணிக்கும் அதன் பெயர்தான். அப்படியிருக்க, உயிருள்ள வரிக்குதிரை தன் பாதையின் நடுவில் கம்பியில் முட்டி நின்றது. இரண்டும் ஒரே நாட்டில் 36 வருடம் ஒரே நேரத்தில் நடந்தது. சின்னம் வேலியைத் தடுக்கவில்லை. சின்னம் இருந்தபடியால், வரிக்குதிரையை நாங்கள் மதிக்கிறோம் என்று யாரும் சுலபமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

2004 இல் வேலியை அகற்றினார்கள். சில வருடங்களுக்குள் ஆய்வாளர்கள் கழுத்தில் கருவி பூட்டிப் பின்தொடர்ந்தபோது வரிக்குதிரைகள் மறுபடி அந்தத் தூரத்தை நடந்துகொண்டிருந்தன. காட்டில் வரிக்குதிரை இருபது வருடமளவுதான் வாழும். ஆகவே 1968 க்கு முன் அந்தப் பாதையில் நடந்த ஒன்றும் அப்போது உயிரோடு இருந்திருக்காது. தயவுசெய்து இதையும் உடனே மூதாதையர் நினைவு எண்டு கவிதையாக்கிப் போடாதேங்கோ. மழை பெய்தது, புல் இருந்தது, வழியில் கம்பி இல்லை, நடந்தன. கம்பி இல்லாதது பெரிய விசயம்.

இரண்டு நிற உவமையின் இன்னொரு பொய்யையும் சொல்லவேண்டும். கறுப்பு, வெள்ளை என்று இரண்டே கோடு போட்டால் மற்றவர்கள் எங்கே நிற்பது? வரிக்குதிரைக்குத் தழும்புக் கதை சொன்ன அதே சான் மக்களைப் பொட்ஸ்வானா அரசு 1997 இலும் 2002 இலும் மத்திய கலகாரி வனப்பிரதேசத்திலிருந்து வெளியேற்றியது. 2006 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தென்னாபிரிக்காவுக்கு 1860 இலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் தமிழர்கள் கனபேர். நேற்றால் கரும்புத் தோட்டங்களில் முதுகு முறிந்தவர்களுக்கும் டேர்பனில் இன்றும் வாழ்கிற அவர்களின் வாரிசுகளுக்கும் கறுப்பு வெள்ளை உவமையில் எந்தக் கோடு? நிறவெறிச் சட்டம் அவர்களுக்கென்று தனிப்பெட்டி அடித்து வைத்திருந்தது. நிறவெறிக்கு எதிரான அழகான உவமையோ அவர்களை அடியோடு மறந்துவிட்டது.

இந்தத் தீவில் இருந்துகொண்டு இதை எழுதுகிற எங்களுக்குக் கொடியில் கோடு என்றால் என்னவென்று ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் நாட்டுக் கொடியிலும் எங்களுக்கென்று செம்மஞ்சளில் ஒரு பட்டி இருக்கிறது, முஸ்லிம்களுக்குப் பச்சையில் ஒன்று. கொடியில் பட்டி கிடைத்ததும் நிலத்தில் இடம் கிடைத்ததும் ஒன்றா என்பதைக் காணிக்காக வருடக்கணக்கில் றோட்டில் குந்தியிருந்த கேப்பாப்பிலவுச் சனத்திடம் கேளுங்கள். அதனால்தான் சின்னத்தின்மேல் எங்களுக்கு இவ்வளவு சந்தேகம்.

அப்ப உவமையே வேண்டாமா எண்டு கேட்பீர்கள். நல்ல உவமை ஒன்று எப்படி உருவாகும் என்பதற்கும் வரிக்குதிரையிலேயே உதாரணம் உண்டு. அமெரிக்காவில் மருத்துவ மாணவர்களுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுப்பார்கள்: குளம்புச் சத்தம் கேட்டால் குதிரை என்று நினை, வரிக்குதிரை என்று நினைக்காதே. அரிய நோயைத் தேடாமல் சாதாரண நோயை முதலில் யோசி என்று அர்த்தம். அதனால் அரிய நோயுள்ளவர்கள் வருடக்கணக்கில் நம்பப்படாமல் அலைந்தார்கள். பிறகு ஏலர்ஸ்–டான்லோஸ் போன்ற நோயுள்ளவர்கள் அதே வரிக்குதிரையைத் தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். சில நேரம் அது வரிக்குதிரையாகவும் இருக்கலாம், எங்களைப் பாருங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. அந்த உவமையை நாங்கள் மதிக்கிறோம். அது பாதிக்கப்பட்டவர்களே எடுத்துக்கொண்டது, அதன் பின்னால் ஒரு தெளிவான கோரிக்கை இருக்கிறது, அது மிருகத்தைப் பற்றிப் பொய்யும் சொல்லவில்லை.

ஆகவே எழுதுகிற, வரைகிற, மேடையில் பேசுகிற நண்பர்களிடம் நாங்கள் கேட்பது மூன்று. வரிக்குதிரையை உவமையாக்க முன் அந்த மிருகத்தைப் பற்றி உண்மையான ஒரு விசயமாவது அறிந்துகொள்ளுங்கள். இரண்டு நிறத்தை வைத்து ஒற்றுமை போதிக்கும்போது, உங்கள் படத்தில் இல்லாதவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். யாராவது ஒரு உயிரையோ ஒரு சனத்தையோ சின்னமாக்கிக் கொண்டாடினால், அவர்களுடைய பாதையில் இப்ப வேலி இருக்கா இல்லையா எண்டு முதலில் கேளுங்கள். பதில் வரும்வரை கைதட்ட வேண்டாம்.